கையில் தராத பெரியம்மை

இரணியலில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பிள்ளை என்னை வகுப்பில் நிறுத்தி வைத்துவிட்டாள். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. கரும்பலகையில் நான் எழுதியிருந்தது இரண்டே வாக்கியம். ‘ஐ வாஸ் கிவன் எ புக்’ என்பது சரி. ‘ஐ வாஸ் பாட் எ ஸ்கர்ட்’ என்பது தப்பு. அதாவது, புத்தகம் கொடுக்கப்பட்டவள் வாக்கியத்தின் முன்னால் வந்து எழுவாயாக உட்காரலாம். பாவாடை வாங்கித் தரப்பட்டவள் அப்படி உட்காரக் கூடாது.

அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள்.

“அதென்ன டீச்சரே, புஸ்தகமும் எனக்க கைக்குத்தான் வருது, பாவாடையும் எனக்க கைக்குத்தான் வருது. பின்ன ஒண்ணு சரி, ஒண்ணு தப்புண்ணா எப்படி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தவர்களிடம் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். ‘அது அப்படித்தான்’ என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதையே நானும் சொல்வதற்கு வாய் வரவில்லை. “இரு, நாளைக்குச் சொல்லுகேன்” என்று அவளை உட்காரவைத்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சருக்குத் தெரியவில்லை என்பதைவிடப் பிள்ளைகளுக்கு வேறு என்ன சந்தோஷம் வேண்டும்.

அன்று சாயங்காலம் என் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வினைச்சொல்லாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கிவ், டீச், டெல், ஷோ, லெண்ட், ஆஃபர். இவற்றிலெல்லாம் பெற்றுக்கொள்கிறவர் முன்னால் வந்து நிற்கலாம். பை, மேக், குக், ஸ்டிச். இவற்றில் வந்தால் காதுக்குச் சரியாகப் படவில்லை. சமைத்தாள், தைத்தாள், செய்தாள், வாங்கினாள். எல்லாமே எனக்காக என்றுதான் வைத்துக்கொள்வோம். ஆனாலும் நான் முன்னால் வரக் கூடாது.

யோசிக்க யோசிக்க எனக்கு எங்கள் தெருவில் எதிர்வீட்டில் இருந்த பெரியம்மையின் முகம்தான் வந்தது. முதலில் ஏன் என்று புரியவில்லை. பிறகு புரிந்தபோது விளக்கைக்கூட ஏற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு சுசீந்திரத்துக்குப் பக்கத்தில். வீடுகளுக்குப் பின்னால் வயல், முன்னால் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் தெரு. அப்பா நாகர்கோவில் கோர்ட்டில் குமாஸ்தா. காலையில் குடையோடு போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். நான் ஒரே பிள்ளை. அம்மை என்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள் என்று சொன்னால் அது கொஞ்சமும் கூடுதல் இல்லை. தெருவில் ஒரு நாய் குரைத்தால்கூட வாசலுக்கு வந்து என்னைத் தேடுவாள்.

எதிர்வீட்டில் இருந்தவளைப் பெரியம்மை என்று கூப்பிடுவேன். எங்களுக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. அம்மையைவிட மூத்தவள், அம்மை அவளை அக்கா என்பாள், அதனால் எனக்குப் பெரியம்மை. நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அவள் புருஷன் இறந்துபோனாராம். பிள்ளை இல்லை. கொஞ்சம் வயல் இருந்தது, பாட்டத்துக்கு விட்டிருந்தாள், குத்தகை நெல் வரும். ஒரு பசு இருந்தது. அந்தப் பசுவின் பால்தான் எங்கள் வீட்டுக்கு.

பெரியம்மை முந்திரிக்கொத்து செய்தால் வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். பயறும் வெல்லமும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுப்பாள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஓடுவோம். அவள் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து, உள்ளங்கையில் ஒரு கொத்தை வைத்து, விரல்களை மடக்கிவிடுவாள். கீழே போட்டுவிடக் கூடாதாம். என் முறை வரும்போது மட்டும் கையை இழுத்துக்கொள்வாள். முற்றத்தில் கிடந்த ஆட்டுரலின் விளிம்பில் ஒன்றை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வாள்.

“அங்கன இருக்கு. எடுத்துக்கோ.”

எனக்கு எப்படி இருக்கும்? பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். என் கையில் சொறியா, சிரங்கா? நான் அழுக்கா? ஒரு நாள் எடுக்காமலே வந்துவிட்டேன். எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டுரலின் மேல் அது அப்படியே இருந்தது, எறும்பு மொய்க்கத் தொடங்கியது. அவள் திண்டாடிப்போய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மறுநாள் போனேன், அதே இடத்தில் புதிதாக ஒன்று இருந்தது. எடுத்துத் தின்றேன். ஆனால் அவளை மன்னிக்கவில்லை.

அம்மையிடம் சண்டை போட்டேன். “எல்லாருக்கும் கையில குடுக்கா. எனக்கு மட்டும் நாய்க்கு வைக்க மாதிரி வைக்கா. நான் இனி அங்க போவ மாட்டேன்.”

அம்மையின் முகம் ஒரு மாதிரி ஆனது. “அவளுக்குச் சில பழக்கம் உண்டும் மக்களே. நீ ஒண்ணும் கேக்காத. வச்சதை எடுத்துத் தின்னுட்டு வா” என்றாள். பிறகு என் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அது எனக்கு ஆறுதல் சொல்லவா, தனக்குத் தானே ஆறுதல் தேடிக்கொள்ளவா என்று அப்போது தெரியவில்லை.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் எனக்குப் புதுப் பாவாடை கிடைக்கும். கோட்டாறு கடைத்தெருவில் வாங்கியது என்று அம்மை சொல்வாள். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பூ, ஊசியால் நெருக்கமாகப் போட்டிருக்கும். அதே கடைத்தெருவில் வாங்கிய மற்றப் பிள்ளைகளின் பாவாடைகளில் பூ இல்லை. என் அப்பா நல்ல கடையாகப் பார்த்து வாங்குகிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் பெரியவர்கள் ஒன்று சொல்லிச் சீண்டுவார்கள். ‘உன்னை நாங்க பெறல்ல, தவிட்டுக்கு வேங்கினோம்’ என்பார்கள். அதைக் கேட்டு அழாத பிள்ளை கிடையாது. பிறகு எல்லாருக்கும் இதையேதான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் அழுகை நின்றுவிடும், பதிலுக்கு நாமும் சிரிப்போம். என்னைத் தெருவில் பலர் இப்படிச் சீண்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதுதானே அந்தத் தவிட்டுப் பிள்ளை?” என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்தார். அம்மையின் கையிலிருந்த தாம்பாளம் சாய்ந்து வெற்றிலை கீழே விழுந்தது. குனிந்து பொறுக்குகிற சாக்கில் அவள் முகத்தை மறைத்துக்கொண்டாள். வந்தவர்கள் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அடுக்களையில் அம்மை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். பெரியம்மைக்கு எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள். மூன்றும் கைக்குழந்தையாகவே போய்விட்டன. அப்படிப் போகிற வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்ததும் அதை வேறொருத்திக்கு விற்றுவிடுவது வழக்கம். விலை ஒரு நாழித் தவிடு. பிள்ளை இன்னாருடையது என்று சாவுக்குத் தெரியக் கூடாது, அதற்குத்தான். நான் பிறந்த அன்றே மருத்துவச்சி என்னை அரிசி புடைக்கிற சுளகில் கிடத்தித் தெருவைக் கடந்து கொண்டுவந்தாள். அம்மை தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். பெற்றவள் அதே அளவு தவிட்டைத் தன் கையால் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். மீட்கிற நாள் வரைக்கும் அவள் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது. போனால் சாவு அடையாளம் கண்டுகொள்ளும்.

“மத்தவங்க பதினாறு நாளிலே மீட்டுக்கிடுவாங்க. அவ பயந்தா. அஞ்சு வயசு ஆவட்டும்ணு சொன்னா. பால் கட்டி நெஞ்சு வீங்கிப் போச்சு அவளுக்கு. சுவத்திலே பீச்சி விட்டா. உனக்கு அவளுக்க பசுவுக்க பாலைத்தான் குடுத்தேன்.”

அம்மை மிச்சத்தையும் சொன்னாள். எனக்கு ஐந்து வயது நிறைந்த அன்று காலையில் பெரியம்மை புதுச் சேலை உடுத்துச் சுளகில் தவிட்டோடு வந்திருக்கிறாள். அன்றைக்கென்று எனக்குக் கடுமையான காய்ச்சல், கண் திறக்கவில்லை. அவள் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்திருக்கிறாள். சுளகை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போயிருக்கிறாள். தன் கை நீண்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு மீட்கிற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

“காய்ச்சல் விட்டப்புறம் நான் அவளைக் கூப்பிட்டிருக்கலாம்” என்றாள் அம்மை. “கூப்பிடல்ல. நான் ஏன் கூப்பிடணும்? எனக்கு வேற ஆரு இருக்கா?”

பாவாடை ஓரத்துப் பூவெல்லாம் யார் போட்டது என்று நான் கேட்டேன். அம்மை கையை நீட்டித் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டினாள்.

நான் நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். பெரியம்மை முற்றத்தில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். காலால் கிண்டி விட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பெரியம்மை, நான் ஆருக்க பிள்ளை?”

“உனக்க அம்மைக்க பிள்ளை.”

“எனக்க அம்மை ஆரு?”

“கிறுக்கு மாதிரிப் பேசாத. வெயிலு கொளுத்துது, வீட்டுக்குப் போ.”

நான் கையை நீட்டினேன். “என்னமாவது தா. ஒரு பிடி நெல்லாவது எனக்க கையில தா. நான் போறேன்.”

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“நீ இருக்கணும் பிள்ளே. எனக்கு அது போரும்.”

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது அவள் தன் கையால் எனக்கு ஏதாவது தர வேண்டும். புளியங்கொட்டையாக இருந்தாலும் போதும். கல்யாணப் பேச்சு என்னவானாலும் எனக்குக் கவலையில்லை என்று ஆகிவிட்டது. அப்பாவும் என்னை வற்புறுத்தவில்லை. டீச்சர் படிப்புக்கு அனுப்பினார். லீவுக்கு வரும்போதெல்லாம் எதிர்வீட்டுக்குப் போவேன். ஆட்டுரலின் மேல் ஏதாவது இருக்கும். எடுத்துத் தின்பேன், அவள் சற்றுத் தள்ளி நின்று நான் தின்று முடிக்கிற வரைக்கும் பார்ப்பாள். எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். இரண்டையும் சேர்த்து விழுங்குவேன். அவளைத் தொடப் போனால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இப்போது இரணியல் வகுப்புக்கு வருகிறேன். மறுநாள் அந்தப் பிள்ளையை எழுப்பி நான் சொன்னது இதுதான்.

“கொடுக்கது எப்பம் முடியும்? வாங்குகவளுக்க கையிலே போய்ச் சேர்ந்தாத்தான் முடியும். அவ இல்லாம கொடுக்கதே இல்ல. அதனால அவ முன்னால வந்து உக்காரலாம். கடையிலே வாங்குகது கடையிலேயே முடிஞ்சு போச்சு. தைக்கது தையலோட முடிஞ்சு போச்சு. அது ஆருக்குங்கது வாங்கினவளுக்க, தைச்சவளுக்க மனசிலே மட்டும்தான் இருக்கு. வந்து சேருமோ சேராதோ. அதனாலதான் அந்த வாக்கியத்திலே நமக்கு முன்னால இடம் கிடையாது.”

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். அவள் வீட்டில் இரவும் பகலும் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள். “அப்பம் தைச்சவ பாவம் டீச்சரே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க வேண்டாததையெல்லாம் அழித்தேன்.

என் விளக்கம் இலக்கணம் படித்தவர்கள் முன்னால் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியலை ஒருவாறு பிரித்துக் காட்டியது, எனக்கு அது போதும். பிராமிஸ் என்ற சொல் என்னைக் கொஞ்சம் படுத்தியது. வாக்குக் கொடுத்தால் கையில் ஒன்றும் வருவதில்லை, ஆனாலும் வாக்குக் கொடுக்கப்பட்டவர் முன்னால் வரலாம். சொல் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன். அதைவிட விசித்திரம் ரெஃப்யூஸ். தர மாட்டேன் என்று மறுக்கப்பட்டவர்கூட முன்னால் வந்து உட்காரலாம். கேட்டு நின்றவள் அல்லவா, மறுப்பையாவது அவள் நேருக்கு நேர் பெற்றுக்கொண்டாள். எக்ஸ்ப்ளெய்ன் என்ற சொல்லில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட் த லெசன்’ என்று தவறாமல் தப்பாக எழுதுவார்கள். நான் திருத்தித் திருத்தி அலுத்துப்போனேன்.

இந்த வாக்கிய அமைப்பில் இன்னொன்றும் உண்டு. ‘ஐ வாஸ் கிவன்’ என்று எழுதிவிட்டால் யார் கொடுத்தது என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்தவர் மறைந்துகொள்ளலாம், வாக்கியம் குறையில்லாமல் நிற்கும். எனக்குப் பாவாடைகள் தரப்பட்டன. பால் தரப்பட்டது. இத்தனை வருஷம் நான் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வளர்ந்திருக்கிறேன்.

ஓர் ஐப்பசி மழையில் அப்பா ஆள் அனுப்பிச் சொன்னார், பெரியம்மைக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வா என்று. தலைமை டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தக்கலை வழியாக நாகர்கோவில் வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, ஊரில் இறங்கும்போது உச்சிப்பொழுது. வயலெல்லாம் தண்ணீர். அம்மை வாசலிலேயே நின்றாள்.

நான் பையைக் கீழே வைக்கவில்லை. “அம்மை, என்னைத் திருப்பிக் குடு” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அந்த வார்த்தையை எத்தனை வருஷமாக எதிர்பார்த்துப் பயந்திருப்பாள்! உள்ளே போனாள். தவிட்டுப் பானையைத் திறந்து ஒரு நாழி அளந்து சுளகில் போட்டுக்கொண்டு வந்தாள். என்னை அவளிடமிருந்து மீட்கிற தவிட்டை அவளே அளந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

பெரியம்மை கட்டிலில் கிடந்தாள். பாதி ஆளாகிவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, சுளகைப் பார்த்ததும் மாறியது.

“அக்கா, எழும்பாண்டாம்” என்றாள் அம்மை. “ஒரு கை தவிட்டை அள்ளி எனக்குத் தா. அது போரும். நான் வேங்கிக்கிடுகேன். உனக்க பிள்ளையை நீ எடுத்துக்கோ.”

சுளகை அவள் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரல்கள் தவிட்டைத் தொட்டன என்றே நான் நினைத்தேன். பெரியம்மை இரண்டு கையையும் இறுக்கி மூடி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.

“எனக்க கையிலேதான் மூணும் போச்சு” என்றாள். பேச்சுக்கு மூச்சு போதவில்லை. “இதையாவது இருக்க விடு.”

“எனக்கு ஒண்ணும் வராது. நான் வளந்தாச்சு. படிச்சாச்சு. பாரு, கல்லு மாதிரி நிக்கேன். தா” என்று நான் கத்தினேன். சாகக் கிடக்கிறவளிடம் கத்தலாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்க எனக்கு வேறு நாள் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள், தலை முதல் கால் வரைக்கும், நான் முந்திரிக்கொத்து தின்று முடிக்கிற வரை தள்ளி நின்று பார்ப்பாளே, அதே மாதிரி. பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடிய கை திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் உயிர் போயிற்று.

அவள் புருஷனின் தம்பி மகன் வந்து கொள்ளி வைப்பதாக ஏற்பாடு. குளிப்பாட்டி, கோடி உடுத்தி, முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆட்டுரலை ஓரமாகப் புரட்டி வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட உரிமைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். நான் முன்னால் போனேன். உறவுக்காரி ஒருத்தி என்னைத் தடுத்தாள்.

“வித்த பிள்ளைக்கு இங்க என்ன முறை இருக்கு? மீக்கவும் இல்லியே.”

இங்கிலீஷில் எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் திருப்பிப் போடத் தெரிந்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு சொல் வரவில்லை. பின்னாலிருந்து அம்மையின் குரல் கேட்டது. அவள் சத்தமாகப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

“வேங்கினவ நானாக்கும். தவிடு குடுத்ததும் நானாக்கும். எனக்கு ஆரும் ஒண்ணும் திருப்பித் தராண்டாம். பிள்ளையை அவளுக்கு நான் குடுத்தாச்சு. போ மக்களே, போய் அரிசியைப் போடு.”

உறவுக்காரி விலகி வழிவிட்டாள். நான் குனிந்தேன். அரிசியை எடுத்து அவள் வாயில் போட்டேன். என் விரல் உதட்டில் பட்டது, குளிர்ந்திருந்தது. பிறந்த பிறகு நான் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கைகளைப் பார்த்தேன். குளிப்பாட்டிய பெண்கள் விரல்களை நிமிர்த்திவிட்டிருந்தார்கள். இரண்டு உள்ளங்கையும் திறந்து கிடந்தன, அவற்றில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை அவளால் மறுக்க முடியவில்லை. என்னிடமிருந்து அவள் பெற்றுக்கொண்டாள். அவளிடமிருந்து நான் பெற்றுக்கொள்ளாமலே முடிந்துபோயிற்று.

எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் எல்லாரும் குளத்தில் முழுகிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் ஈரச் சேலையோடு எங்கள் வீட்டுப் பின்கட்டில் வந்து உட்கார்ந்தேன். பசி தெரியவில்லை. அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மை ஒரு கிண்ணத்தில் சோறு பிசைந்து கொண்டுவந்தாள். என் பக்கத்தில் வரவில்லை. நாலடி தள்ளித் தரையில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அங்கன இருக்கு மக்களே. எடுத்துத் தின்னு.”

நிமிர்ந்து பார்த்தேன்.

“உனக்குத் தீட்டு இல்லியா” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. “பெத்தவளுக்குத் தீட்டு காக்கணும். பதினாறு வரைக்கும் தொடப்பிடாது. நீ இப்பம் அவளுக்க பிள்ளை.”

அவள் சொன்னது முறைதான். அந்தத் தீட்டை எனக்குத் தந்தவளும் அவள்தான், ஊர் முன்னால் வாய் திறந்து. என்னை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, இனி தனக்கு உரிமையில்லை என்று தள்ளி நிற்கிறாள். ஒருத்தி பயந்து பயந்து கையில் தராமலே போய்ச் சேர்ந்தாள். இவளும் தொடங்கிவிட்டாள்.

நான் கிண்ணத்தைத் தொடவில்லை. கையை நீட்டினேன்.

“கையில தா அம்மை.”

“தீட்டு மக்களே.”

“தீட்டு இருக்கட்டும். கையில தா.”

அவள் திரும்பினாள். என் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முட்டுக்குத்தி உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து ஒரு உருண்டை எடுத்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, கீழே போட்டுவிடக் கூடாது என்பதற்காக, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.